கலிங்கும் படியும்: வீராணப் பகுதியை முன்னிட்டு ஓர் ஆய்வு

தமிழ்நாட்டு ஏரிகளைப் பற்றி இதுகாறும் எழுதப்பெற்ற வரலாறுகளை ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். அவை பெரும்பாலும் நீரைத் தேக்கிய வரலாறுகளாகவே உள்ளன. எந்த மன்னன் எந்த ஏரியை எடுத்தான், அதன் கரை எத்துணை நீளமுடையது, அஃது எவ்வளவு நிலத்திற்கு நீர் ஈந்தது என்பனவே ஆங்கு ஆராயப்பெறும். தேங்கிய நீரில் மிகுதிப்பட்டதனை ஏரி எவ்வாறு வெளியே விட்டது, அங்ஙனம் விட்ட நீர் தன் விசையால் கரையின் அடியையும் கழனியையும் அரித்துவிடாதபடி முன்னோர் எவ்வாறு காத்தனர் என்னும் வினாக்கள் பொறியியலார்க்கே உரியன என்று ஒதுக்கப்பட்டுவிட்டன. கல்வெட்டும் இலக்கியமும் பயில்வோர் அவ்வினாக்களைத் தமக்கும் உரியனவாகக் கொள்ளுதல் வேண்டும் என்பது எம் கருத்து. வீராண ஏரியையும் அதனைச் சார்ந்த கீரப்பாளையம் வட்டாரத்தையும் களமாகக் கொண்டு இக்கட்டுரை அதனை ஆராய முற்படுகிறது.

கீரப்பாளையம் சிதம்பரத்தின் வடமேற்கே, சேத்தியாத்தோப்புக்குச் செல்லும் பெருவழியில், வெள்ளாற்றின் தென்பால் அமைந்த ஊர். கடலூர் மாவட்டத்து ஊராட்சி ஒன்றியங்களுள் ஒன்றன் தலைமையிடம். தெற்கே கொள்ளிடம், வடக்கே வெள்ளாறு, மேற்கே வீராணம், கிழக்கே கடல் என நாற்புறமும் நீரையே எல்லையாக உடைய சமநிலத்தில் அது கிடக்கின்றது. ஈண்டுப் பாறை காண்டல் அரிது. களியும் மணலும் வண்டலுமே நிலத்தின் இயல்பு. எந்தக் கட்டடம் எழுப்பினும் மணலின்மேல் எழுப்புதல் வேண்டும். எந்த நீரை எங்கு விடுப்பினும் அது மணலைத் தின்னும். இவ்வியல்பினை முதற்கண் மனத்துட் கொள்ளுதல் இன்றியமையாதது.

வீராணம் என்னும் பெயர் வீரநாராயணன் ஏரி என்பதன் மரூஉ. வீரநாராயணன் என்பது முதற் பராந்தக சோழனின் (907–955) விருதுப்பெயர். அவன் மகன் இராசாதித்தன் திருமுனைப்பாடி நாட்டிற் படையுடன் தங்கியிருந்த காலத்து இவ்வேரி எடுக்கப்பெற்றது என்பர். அவ்விளவரசன் 949இல் தக்கோலப் போரில் யானைமேல் இருந்தபடியே உயிர்நீத்தான். நாதமுனிகளும் ஆளவந்தாரும் தோன்றிய வீரநாராயணபுரம் இன்றைய காட்டுமன்னார்கோயிலே. அவ்வேரியின் மதகுகள் 74 என்றும், அவ்வெண்ணை ஒட்டியே இராமாநுசர் 74 சிங்காசனாதிபதிகளை அமைத்தனர் என்றும் வைணவ மரபு கூறும். மதகை எண்ணி நினைவிற்கொண்ட மரபு கலிங்கினைப் பற்றி ஒன்றும் கூறாமை கருதத்தக்கது. மதகு ஈவது, கலிங்கு கழிப்பது. ஈவதனைப் பாடுதல் உலகியல்பு.

ஏரியின் நிறைமட்டம் 47.5 அடி எனச் செய்தித்தாள்கள் ஆண்டுதோறும் எழுதும். இஃது ஏரியின் ஆழம் என்று மயங்குவார் உளர். கடல்மட்டத்தை அடியாகக் கொண்டு அளந்த உயரமே அது. ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுள்ள இவ்வேரி மெய்யாகவே ஆழமற்ற பரந்த நீர்நிலை. அதன் கரையிலிருந்து கடல் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். எனவே வீராணத்து நீர் கடலை அடையுமுன் இறங்கவேண்டிய உயரம் முழுவதும் 47.5 அடியே, அஃதாவது 14.5 மீட்டரே, ஒரு கிலோமீட்டருக்கு அரை மீட்டர் என்க. இத்துணைச் சிறிய சரிவில் இயற்கையாக ஓடும் ஆறு, தான் இறங்கும் உயரத்தால் பெறும் ஆற்றலை வழிநெடுகத் தன் படுகையோடு உராய்ந்து உராய்ந்து செலவிட்டுவிடும். ஆகலின் அதற்குப் பெருவிசை ஏற்படுவதில்லை.

ஏரிக்கரை ஒன்று எழுந்தவுடன் இந்நிலை மாறுகிறது. கரை நீரைத் தேக்குகிறது என்று கூறுகிறோம். அது வீழ்ச்சியையும் சேர்த்தே தேக்குகிறது. கரைக்கு மேற்புறத்தில் நீர் சமமட்டமாக நிற்பதனால், அங்கே பல கிலோமீட்டர் நெடுகச் சிறிது சிறிதாக இறங்கியிருக்கவேண்டிய உயரம் முழுவதும் கரையின் ஓரிடத்திற் குவிந்துவிடுகின்றது. மிகுநீர் வெளியேறும் இடம் கலிங்கு. ஆகவே ஆறு நெடுந்தொலைவில் தவணை தவணையாகத் தீர்த்திருக்கும் கடனைக் கலிங்கு சில அடிகளுக்குள் ஒருங்கே தீர்த்தாக வேண்டும். சமநிலத்து ஏரியின் இடர் இதுவே. மலைநாட்டில் நீர் வீழும் இடத்திற் பாறை இருந்து தாங்கும்; கீரப்பாளையத்தைச் சூழ்ந்த நாட்டில் தாங்குதற்கு மணலே உண்டு.

அக்கடன் எத்துணைத்து என்பதனை ஒரு சிறு கணக்காற் காட்டலாம். நொடிக்கு 1,000 கன அடி நீர் 10 அடி உயரத்திலிருந்து வீழுமாயின் அதன் ஆற்றல் ஏறத்தாழ 1,130 குதிரைத்திறன். அந்நீர் அடியைத் தொடும்போது நொடிக்கு ஏறத்தாழ 25 அடி வேகம் பெற்றிருக்கும். இவ்வேகத்திற்கு மணலும் களியும் ஒரு பொருட்டல்ல. கற்பாவிய தளமும் நாளடைவில் பெயரும். வீழ்ந்த இடத்திற் பள்ளம் விழும். பள்ளம் பின்னோக்கி வளர்ந்து கலிங்கின் அடிமானத்தைத் தோண்டும். பின்னர்க் கலிங்கு தானே கவிழும். ஏரி உடைதல் பெரும்பாலும் நீர் கரைமேல் வழிதலால் நிகழ்வது என்று பொதுமக்கள் எண்ணுவர். அங்ஙனம் உடைவனவும் பல. ஆயினும் கீழ்ப்புறத்து அரிப்பால் உடைவன அவற்றினும் வஞ்சகமானவை; ஏனெனில் அவ்வரிப்பு நீருக்குள் மறைந்தே வளரும்.

இனிச் சொற்களை நோக்குவோம். நீரைத் தடுத்தல் பற்றிய சொல் தமிழில் மிகத் தொன்மையுடையது. தொல்காப்பியப் புறத்திணையியல், பெரும்படையைத் தனியொருவனாகத் தாங்கும் வீரனுக்கு விரைந்துவரும் புனலைத் தாங்கும் கற்சிறையை உவமை கூறுகிறது. சிறை என்பது தடுத்தலையும் காத்தலையும் ஒருங்குணர்த்தும் சொல். செய்கரையைக் குறிக்கும் குரம்பு, ஆற்றின் குறுக்கே கட்டும் அணை ஆகியவும் இவ்வினத்தனவே. நீரை அளவாக விடுத்தற்குரிய சொற்களும் மிகப் பல: மடை, மதகு, தூம்பு, புதவு. ‘ஓ’ என்னும் ஓரெழுத்து ஒருமொழிக்கு மதகுநீரைத் தாங்கும் பலகை என்று உரையாசிரியர் பொருள் கூறுவர். ஓரெழுத்திற்கே அப்பொருளைத் தந்த மொழியினர் நீர்விடுத்தலில் எத்துணைப் பழக்கம் உடையராதல் வேண்டும் என்று வியத்தல் தகும்.

மிகுநீரைக் கழிக்கும் இடத்திற்கு உரிய சொற்களோ வட்டாரந்தோறும் வேறுபடுகின்றன. தொண்டைநாட்டில் ஏரி ‘கோடி போயிற்று’ என்பர். கன்னடத்திலும் அவ்விடத்திற்குக் கோடி என்றே பெயர். தென்பாண்டியில் குளம் ‘மறுகால் பாய்கிறது’ என்பர். இவற்றுள் கோடி என்பது இடம்பற்றிய பெயர். கரையின் முனை என்பது பொருள். மறுகால் என்பது நீர்செல்லும் வழிபற்றிய பெயர். வேறொரு கால்வாய் என்பது பொருள். கலிங்கு என்பது மட்டுமே அங்குள்ள கட்டடத்தை நேரே சுட்டுகிறது. கலிங்கல், கலுங்கு எனவும் அது வழங்கும். மலையாளத்தில் கலுங்கு என்பது சாலையின் அடியில் நீர் கடக்கும் சிறுபாலத்தைக் குறிக்கப் பெயர்ந்துவிட்டது. இதன் வேர் யாது? கலித்தல் என்னும் ஒலிப்பொருள் வினையோடு இதனை இயைத்தல் எளிது. நீர் முழங்கி வீழும் இடமாகலின் பொருளும் பொருந்தும். ஆயினும் எளிதிற் பொருந்துவன எல்லாம் உண்மையான வேராகா என்பதனைச் சொல்லாராய்ச்சியாளர் பட்டறிந்துள்ளனர். இதனை ஒரு கருத்தாக மட்டும் முன்வைக்கின்றோம்.

நீரியற் சொற்களுள் இரண்டினை ஆங்கிலேயர் தம் மொழியிலேயே ஏற்றுக்கொண்டனர் என்பது இவ்விடத்துக் குறிக்கத்தக்கது. அணைக்கட்டு ‘அனிகட்’ ஆயிற்று. கலிங்கல் ‘காலிங்குலா’ ஆயிற்று. 1886இல் வெளிவந்த ஹாப்சன் ஜாப்சன் என்னும் சொற்றொகுதியில் இரண்டும் இடம்பெற்றுள்ளன. அதனைத் தொகுத்த இருவருள் ஒருவராகிய பர்னல் தஞ்சையில் நீதிபதியாக இருந்தவர். ஏரிக்கும் கரைக்கும் வாய்க்காலுக்கும் தம் சொற்களையே ஆண்ட ஆங்கிலப் பொறியாளர் இவ்விரண்டிற்கும் மட்டும் தமிழை நாடியமை ஏன்? தமக்கு நன்கு பழகாத ஒரு கட்டட வகையை இங்கே கண்டனர் என்பதே காரணம் போலும்.

பழைய கலிங்கு ஒன்றன் அமைப்பு இது. கரை ஓரிடத்தில் தாழ்த்தப்பட்டு, அவ்விடத்தில் நீண்ட கற்சுவர் ஏரியின் நிறைமட்டத்திற்கு எழுப்பப்பட்டிருக்கும். சுவரின் முடியில் இடைவிட்டு இடைவிட்டுக் குத்துக்கற்கள் நாட்டப்பட்டிருக்கும். மழைக்காலத்தில் அக்கற்களின் இடைவெளி திறந்திருக்கும். மிகுநீர் அதன்வழியே வழியும். மழை ஓயும் காலத்து அவ்விடைவெளியை மண்ணும் புற்கரணையும் இட்டு அடைத்து மேலும் ஒரு சாண், இரு சாண் நீரைத் தேக்குவர். எளிய ஏற்பாடு, ஊர்ப்பூசலுக்கும் அதுவே வித்து. கீழ்ப்புறத்து உழவர் அடைக்கவேண்டும் என்பர். ஏரியின் உள்வாயில் நிலமுடையோர் தம் பயிர் மூழ்கும் எனத் திறக்கவேண்டும் என்பர். ஓரடி கூடுதலாகத் தேக்கினால் வீழ்ச்சியும் ஓரடி கூடுகிறது என்னும் உண்மையை இருதிறத்தாரும் மறந்துவிடுவர். அதனைத் தாங்கவேண்டியது கலிங்கின் கீழுள்ள தளம்.

அத்தளத்தை அமைத்தலில் பல முறைகள் உண்டு. சென்னை மாகாணத்துப் பாசனப் பொறியியல் நூல்கள் கலிங்குகளை வகைப்படுத்தியபோது, நீர் செங்குத்தாக வீழ்ந்து கிடைத்தளத்திற் படுவது ஒரு வகை. கற்குவியற் சரிவின்மேல் வழிவது ஒரு வகை. காரைபூசிய கற்சரிவின்மேல் வழிவது ஒரு வகை. கீழ்த்தளம் படிப்படியாக இறங்க, நீர் ஒவ்வொரு படியிலும் வீழ்ந்து வீழ்ந்து செல்வது மற்றொரு வகை எனக் கொண்டன. இந்நான்காவதே நம் ஆராய்ச்சிக்கு உரியது. மற்றவை பற்றி ஈண்டு விரிக்கவில்லை.

படியின் பயன் யாது? வீழும் நீரின் வேகம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 10 அடி வீழ்ச்சியை இரண்டரை அடியாக நான்கு படிகளிற் பகுத்து, ஒவ்வொரு படியிலும் நீர் தன் வேகத்தை இழந்து நின்று மீண்டும் வீழுமாறு செய்தால், இறுதியில் அது நொடிக்கு 25 அடி வேகத்தில் அன்றி அதிற் பாதியளவு வேகத்திலேயே நிலத்தைத் தொடும். படியில் நீர் எவ்வாறு வேகம் இழக்கிறது எனின், வீழும் நீர்ப்படலம் படியின்மேற் கிடக்கும் நீரிற் புகுந்து சிதறுகிறது. அந்நீரே மெத்தையாகி அதனைத் தாங்குகிறது. சுழியும் நுரையும் எழுகின்றன. விரைந்த நீர் மெதுவான நீரை முட்டி மேலெழும் நீர்த்தாவல் ஒன்று சில படிகளில் நிகழ்கிறது. இங்ஙனம் ஒழுங்கான ஓட்டம் ஒழுங்கற்ற கலக்கமாகிறது. கலக்கம் நீரின் உள்ளுராய்வால் வெப்பமாகிறது. அவ்வெப்பம் எவ்வளவு? 10 அடி வீழ்ச்சியின் ஆற்றல் முழுவதும் வெப்பமாயினும் நீரின் வெம்மை ஒரு பாகையில் நூற்றில் ஒரு பங்களவுகூட உயராது. கரையை இடிக்கவல்ல ஆற்றல் கைக்குப் புலனாகாத வெம்மையாக மறைந்துபோகிறது.

சிறு வெள்ளத்தில் நிகழ்வது இது. வெள்ளம் பெருகப்பெருக ஓட்டத்தின் இயல்பே மாறுகிறது. அப்போது நீர் ஒவ்வொரு படியிலும் வீழ்வதில்லை. படிகளின் முனைகளை மட்டும் தொட்டுக்கொண்டு, அவற்றை இணைக்கும் கற்பனைச் சரிவு ஒன்றன்மேல் ஒரே பெருக்காக வழுக்கிச் செல்கிறது. படிகளின் மூலைகளில் அகப்பட்ட நீர் அங்கேயே சுழன்றுகொண்டிருக்கும். மேலோடும் பெருக்கு அச்சுழிகளை ஓயாது சுழற்றுவதிலேயே தன் ஆற்றலைச் செலவிடுகிறது. ஆல்பர்ட்டா பல்கலைக்கழகப் பேராசிரியர் இராசரத்தினம் இவ்வகை ஓட்டத்தை ஆராய்ந்து 1990இல் எழுதிய கட்டுரை இத்துறையிற் பெரிதும் மேற்கோள் காட்டப்படுவது. கலிங்கின் முடியைக் கடக்கும் நீரின் மாறுநிலை ஆழம் படியின் உயரத்தில் ஏறத்தாழ பத்தில் எட்டுப் பங்கினைக் கடக்கும்போது முதல்வகை ஓட்டம் இரண்டாம்வகையாக மாறுகிறது என்பது அதன் முடிபுகளுள் ஒன்று.

இம்முடிபினைப் பழைய கலிங்கோடு பொருத்திப் பார்த்தல் பயனுடையது. 1,000 கன அடி நீர் 100 அடி நீளமுள்ள கலிங்கின்மேற் செல்லுமாயின் அதன் மாறுநிலை ஆழம் ஏறத்தாழ 1.46 அடி. படியின் உயரம் 2 அடி எனின் விகிதம் 0.73, எனவே நீர் படிதோறும் வீழும். அதே நீர் 50 அடிக் கலிங்கின்மேற் செல்லுமாயின் ஆழம் 2.3 அடி, விகிதம் 1.16; நீர் படிகளை மதியாது வழுக்கிவிடும். நூறு படிகளையுடைய உயர்ந்த அணைகளில் இவ்வழுக்கோட்டமும் ஆற்றலிற் பெரும்பகுதியை இழந்தே அடியை அடைகிறது. மூன்றோ நான்கோ படிகளையுடைய ஏரிக்கலிங்கில் அதற்கு இடமில்லை. பெருக்கு படிகளைத் தாண்டி, இழக்காத ஆற்றலோடு மணலிற் பாயும். எனவே சிறு கலிங்கிற்குப் படியால் உண்டாகும் பயன் அதன் நீளத்தைச் சார்ந்தது. நீர் மெல்லிய படலமாகப் பரவி வழிந்தாலன்றிப் படி பயன்படாது. பழைய கலிங்குகள் பலவும் உயராது தாழ்ந்து நீண்டு கிடத்தலை இவ்வாற்றான் நோக்குக. கட்டியவர் கணக்கிட்டனர் என்று யாம் கூறவில்லை. குறுகிய கலிங்கு உடைவதையும் நீண்டது நிற்பதையும் தலைமுறை தலைமுறையாகக் கண்டோர், நின்றதனையே மீட்டும் கட்டினர் எனக் கொள்ளுதல் போதுமானது.

உலக வரலாற்றிலும் படியணை தொன்மையுடையது. கிரேக்க நாட்டு அக்கர்னானியாவில் ஏறத்தாழ கி.மு. 1300ஐச் சார்ந்த படியமைந்த அணை ஒன்று சுட்டப்படுகிறது. அசீரிய மன்னன் செனகெரிப் நினிவே நகர்க்கு நீர் கொணர எடுத்த அணைகளிலும் படிகள் உண்டு. நியூயார்க்கு நகர்க்கு நீர் வழங்க 1906இல் முடிந்த நியூ குரோட்டன் அணையின் வழிவு படிகளால் இயன்றது. பின்னர், கீழே நீர்த்தாவலை உண்டாக்கும் தொட்டிகளை அமைக்கும் முறை பரவியதால் படியைக் கைவிட்டனர். உருளையால் அழுத்தி அடுக்கும் கற்காரை 1980க்குப் பின் அணைகட்டுதலிற் புகுந்தபோது, அடுக்கடுக்காக எழும் அக்கட்டடத்திற்குப் படி இயல்பாகவே அமைந்தமையால் அது மீண்டும் வழக்கிற்கு வந்தது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து அப்பர் ஸ்டில்வாட்டர் அணை (1987) இதற்கு நன்கறிந்த சான்று.

இனி, இவ்வாராய்ச்சியிற் கல்லணையைப் பற்றி ஒன்று கூறாது விடுதல் இயலாது. கரிகாலன் கல்லணையைக் கட்டினான் என்று பள்ளிப் பாடநூல் முதல் மேடைப்பேச்சு வரை வழங்குகிறது. பட்டினப்பாலை அவன் குளந்தொட்டமையைக் கூறும். புண்ணியகுமாரனின் மாலேப்பாடுச் செப்பேடும் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேடும் அவன் காவிரிக்குக் கரை எடுத்தமையைக் கூறும். கரை எடுத்தலும் ஆற்றின் குறுக்கே அணை கட்டுதலும் வேறு வேறு என்பதனை மறவாது இச்சான்றுகளை ஆளுதல் வேண்டும். அணை தொன்மையானது என்பதில் ஐயமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்து ஆங்கிலப் பொறியாளர் கண்டது 1,080 அடி நீளமும் 40 முதல் 60 அடி அகலமும் 15 முதல் 18 அடி உயரமும் உடைய, பாம்புபோல் வளைந்த, பண்படாத கற்களின் பெருந்திரள். அஃது ஒழுங்கான படியணை அன்று. அவ்வாறு கூறிப் பெருமை கொள்ளுதல் ஆராய்ச்சி ஆகாது. ஆயினும் அகன்று கிடந்த கரடான கற்பரப்பின்மேல் நீர் நெடுக உராய்ந்து சிதறிச் சென்றிருக்கும் என்பது தெளிவு. வழவழப்பான சுவரிலிருந்து ஒரே வீச்சில் வீழ்ந்திருக்குமாயின் மணலின்மேல் அவ்வணை நின்றிராது.

ஆர்தர் காட்டன் இவ்வுண்மையை உணர்ந்தவர். ஆழங்காணா மணலில் அடிமானம் அமைக்கும் வகையைத் தாம் இந்நாட்டு முன்னோரிடமிருந்தே கற்றதாக அவர் பிற்காலத்து வெளிப்படையாகக் கூறினார். 1836இல் அவர் முக்கொம்பில் மேலணையையும், அதற்கு ஏறத்தாழ 70 கல் கீழே அணைக்கரையிற் கீழணையையும் கொள்ளிடத்தின் குறுக்கே எடுத்தார். கீழணை கீரப்பாளையத்து வரலாற்றோடு நேரே தொடர்புடையது. வடவாறு அதிலிருந்தே பிரிந்து வீராணத்தை நிரப்புகிறது. வடக்கு ராஜன் வாய்க்காலும் அங்கிருந்தே சிதம்பரம் பகுதிக்கு வருகிறது. அவ்வணை நில்லாதாயின் இவ்வட்டாரத்துச் சம்பா பயிர் இல்லை. 2004 முதல் வீராணத்து நீரைக் குழாய்வழிப் பெறும் சென்னைக்கும் அந்நீர் இல்லை.

மேலணை ஒரு நல்ல பாடம். மணலில் இறக்கிய கிணறுகளின்மேற் சுவர்; சுவரின் கீழ்ப்புறத்திற் கற்பாவிய தளம்; அதற்கப்பாற் குவித்த பெருங்கற்கள். நீர் ஒரே வீழ்ச்சியாகத் தளத்திற் படும். அணை மேற்புறத்தில் மணலை நிறுத்திவிட, மணலற்ற தெளிநீர் கீழ்ப்புறத்திற் படுகையைத் தோண்டிக்கொள்ளும். படுகை தாழத்தாழ வீழ்ச்சியின் உயரம் மிகும். வீழ்ச்சி மிகமிகத் தோண்டுதலும் மிகும். 2018 ஆகத்து 22ஆம் நாள் இரவு, காவிரியில் வெள்ளம் பெருகிய காலத்து, கொள்ளிடத்து மேலணையின் 45 கண்களுள் ஒன்பது இடிந்து வீழ்ந்தன. மணலள்ளுதல் காரணம் என்றும், 182 ஆண்டுப் பழமை காரணம் என்றும் பலபடப் பேசினர். படுகை எக்காரணத்தால் தாழினும் அணையின் கடன் மிகும் என்பது மேற்கூறிய கணக்கின் முடிபு. படுகை மணலை அள்ளுவோன் அணையின் உயரத்தைக் கூட்டுகிறான்; அணையின் வலிமையைக் கூட்டுவானல்லன்.

படி விசையைத் தணிக்குமேயன்றி நீரின் அளவைக் குறைக்காது என்பதனையும் ஈண்டுக் கூறுதல் வேண்டும். வீராணத்து மிகுநீர் தெற்கே இலால்பேட்டையிலிருந்து வெள்ளியங்கால் ஓடை வழியாகவும் வடக்கே சேத்தியாத்தோப்புப் பக்கமாக வெள்ளாற்றிற்கும் கழிகிறது. 2015 நவம்பரில் பெய்த பெருமழையிற் கடலூர் மாவட்டம் பெருஞ்சேதம் உற்றபோது இவ்வேரியின் மிகுநீரும் திறந்துவிடப்பட, காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் வட்டங்களின் ஊர்கள் பல நீராற் சூழப்பட்டன. அது நீரின் அளவால் வந்த இடர். வடிகால்களின் கொள்ளளவைச் சார்ந்தது. விசையால் வரும் இடரையும் அளவால் வரும் இடரையும் ஒன்றெனக் கொண்டு கலிங்கைப் பழித்தல் முறையன்று.

கல்வெட்டாராய்ச்சியாளர்க்கு இதிலிருந்து பிறக்கும் வேலை ஒன்று உண்டு. உத்தரமேரூரில் முதற் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரிவாரியம் என்னும் குழுவைக் கூறுகின்றன. ஏரிப்பட்டி, ஏரி ஆயம் என ஏரிக்கென ஒதுக்கிய நிலமும் வருவாயும் வேறு பல கல்வெட்டுகளில் வருகின்றன. இவ்வொதுக்கீடுகள் ஆண்டுதோறும் செய்யவேண்டிய செலவிற்கு உரியன. இவற்றைத் தூர்வாரும் செலவு என்றே நாம் படித்து வந்துள்ளோம். கரையடைத்தல், கல்லிடுதல் என வரும் இடங்களைத் தனியே தொகுத்து, அவை மேற்புறத்து வண்டலுக்கோ கீழ்ப்புறத்து அரிப்பிற்கோ எதற்கு உரியன என ஆராய்தல் வேண்டும். ஏரிதோறும் இரண்டும் வேறு வேறு விகிதத்தில் அமைந்திருத்தல் கூடும். மணற்பாங்கான சோழநாட்டு வடபகுதியில் கல்லிடுதல் மிக்கிருக்கும் என்பது எம் எதிர்பார்ப்பு.

கலைச்சொல் பற்றியும் ஒரு சொல். படிதோறும் நீர் வீழும் ஓட்டத்தைப் படிவீழ் ஓட்டம் என்றும், முனைகளைத் தொட்டு வழுக்குவதனைப் படிமேவு ஓட்டம் என்றும் வழங்கலாம். படி என்னும் பெயரும் படிதல் என்னும் வினையும் தமிழில் அருகருகே நிற்பன. வண்டல் படிகிறது, புழுதி படிகிறது, அடங்காதவன் படிகிறான். இவ்வினையிலிருந்தே அப்பெயர் பிறந்தது என்று நாட்டுதற்கு யாம் துணியவில்லை. ஆயினும் நீர் படியிற் படிகிறது என்று கூறின் கொத்தனார்க்கும் மாணாக்கர்க்கும் ஒருங்கே விளங்கும். ஆற்றல் இழப்பு என்னும் இன்றைய வழக்கோ ஈண்டுப் பொருந்தவில்லை. எந்திரத்தில் இழப்பு குறை. கலிங்கில் அதுவே நோக்கம். ஆற்றல் தணிவு என்பது தகும்.

இச்சொற்களை ஆக்குமுன் வழக்கில் இருப்பனவற்றைத் தொகுத்தல் முறை. நீர்க்கட்டி, நீராணி, மடையன், கம்புகட்டி எனப் பல்வேறு பெயர்களால் வழங்கிய நீர்காவலர் மரபினர்க்குக் கலிங்கின் ஒவ்வோர் உறுப்பிற்கும் பெயர் தெரிந்திருக்கும். குத்துக்கல்லுக்கும், அதன் இடைவெளிக்கும், அடைக்கும் புற்கரணைக்கும், நீர் முதலிற் படும் கல்லுக்கும், அதன் கீழ் விழும் பள்ளத்திற்கும் ஊர்தோறும் வழங்கும் பெயர்களைக் கீரப்பாளையம், குமராட்சி, காட்டுமன்னார்கோயில் ஒன்றியங்களில் முதற்கண் திரட்டலாம். கலிங்கு நின்ற பல இடங்களில் இரும்புக் கதவமைந்த மதகுகள் வந்துவிட்டன. அவ்விடங்களில் இளைஞர் நாவில் வழங்கும் சொல் ‘ஷட்டர்’ என்பதே. முதியோர் சிலர் அக்கதவிற்குக் கீழேயுள்ள தளத்தை இன்னும் கலிங்கடி என்கின்றனரா என்பதனை முதல் வினாவாகக் கேட்டறிதல் நன்று.